மலிவான .22 ரைபிள்: எதில் கை வைப்பது, எதை அப்படியே விடுவது

அம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுடும் கழகத்து மூத்த உறுப்பினர் ஒருவர் பாவித்த நொரின்கோ ஜேடபிள்யூ-15, அதாவது சீனத் தயாரிப்பு .22 போல்ட் ரைபிள், முறைப்படி பெயர் மாற்றி இவர் கைக்கு வந்திருக்கிறது. 50 மீற்றரில் ஐந்து வெடி வைத்தால் 60 மில்லிமீற்றருக்குப் பரவுகிறதாம். விசை பாரம், முன்பக்கம் கையை இழுக்கிறது, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டிய பிறகு கன்னம் சோங்கில், அதாவது துவக்கின் மரப்பகுதியில், ஒழுங்காகப் படுவதில்லை. குழலை மாற்றுவதா, சோங்கை மாற்றுவதா, ஸ்கோப்பை மாற்றுவதா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில், வயலுக்கு வரும் பன்றிக்கும் இது உதவுமா என்றும் கேட்டிருக்கிறார். திரும்ப வாசித்துப் பார்த்தால் அவர் அறிய விரும்புவது இதுதான்: கையில் அதிகம் காசு இல்லை, அந்தக் காசை எங்கே போட்டால் கடதாசியில் வித்தியாசம் தெரியும்?

நான் பாடசாலைக் கடெற் காலத்தில் .22 பிடிக்கத் தொடங்கியவன். பிறகு மட்டக்களப்பில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சுடப் பழக்குகிறேன். பயிற்சி கொடுப்பவனே தவிர ஆயுதம் திருத்துபவன் அல்ல. அதனால் கடைசல் இயந்திரத்தில் வைக்க வேண்டிய வேலைகளைப் பற்றிப் பேசும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன், எப்படிச் செய்வது என்று சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே குழல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு), விசை போன்ற உறுப்புகளில் கை வைக்குமுன் கழகத்துப் பொறுப்பாளரிடமும் அனுமதி தந்த அலுவலகத்திலும் கேளுங்கள். நம் பகுதியில் துவக்கோடு சம்பந்தப்பட்ட எதையும் வாய்ப்பேச்சில் முடித்துவிடக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

சரி, 60 மில்லிமீற்றர் என்ற கணக்கை முதலில் பார்ப்போம். ஒழுங்கான தோட்டா கிடைத்து, மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்டால், இந்த வகை ரைபிள் 50 மீற்றரில் ஐந்து வெடியை 20 முதல் 25 மில்லிமீற்றருக்குள் வைக்க வேண்டும். எனவே எங்கோ கோளாறு இருக்கிறது என்ற உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் அந்த 60 எப்படி வந்தது? படுத்துச் சுட்டதா, இருந்து சுட்டதா, ஒரே ஒரு கடதாசியா, பத்துக் கடதாசியின் சராசரியா? அதை நீங்கள் எழுதவில்லை. மூன்று வெடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எல்லாரிடமும் இருக்கும் பழக்கம். கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரே ரைபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றாலும், மூன்று வெடியில் சராசரியாக 20 மில்லிமீற்றர் பரவுவது பத்து வெடியில் 30ஐத் தாண்டிவிடும். துவக்கு கெட்டுப்போகவில்லை, வெடிகள் கூடக் கூட ஓரத்தில் விழும் வெடியும் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். எனவே எந்தத் திருத்தமும் செய்யுமுன் ஐந்து வெடி வீதம் ஐந்து கடதாசி சுட்டு, ஒவ்வொன்றையும் அளந்து, திகதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அதே மாதிரி ஐந்து கடதாசி. ஸ்கோப்பையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

அந்த அளவெடுப்புக்கு மேசையும் இரண்டு மணல் மூட்டையும் வேண்டும். முன் மூட்டை குழலைத் தாங்கக் கூடாது, விசைக் காப்புக்கு முன்னாலுள்ள மரத்தைத் தாங்க வேண்டும். பின் மூட்டை சிறிதாக, சோங்கின் அடியில், இடக்கையால் அமுக்கினால் முன்குறி ஏறி இறங்குமளவுக்கு இருக்க வேண்டும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்தால் போதும். கடற்கரை மணலை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து இரும்பில் பூசிவிடும். காய்ந்த ஆற்று மணல் நல்லது. உமி பாரமில்லாதது, முன் மூட்டைக்கு உதவாது.

அளந்து முடிந்த பிறகு முதல் வேலை ஆணிகள். காசில்லாத வேலை, ஆனால் நான் பார்த்த பரவல் முறைப்பாடுகளில் கணிசமானவை இங்கேயே முடிந்திருக்கின்றன. இரும்பை மரத்தோடு பிடிக்கும் ஆணிகள், ஸ்கோப்பின் அடிப்பிடிப்பு ஆணிகள், வளைய ஆணிகள் என்று மூன்று இடம். தலை வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை எடுங்கள். ஒல்லியான திருப்புளி தலையைத் தின்றுவிடும். இறுக்கம் மரச் சோங்கு என்றால் பொதுவாக 2 முதல் 2.5 நியூட்டன் மீற்றர் வரை. அளவு காட்டும் திருப்புளி கழகத்தில் இருந்தால் இரவல் வாங்குங்கள். இல்லாவிட்டால் முழுக்கையால் முறுக்காமல் இரண்டு விரலுக்கு நின்ற இடத்தோடு விடுங்கள். இறுக்கத்தின் அளவைவிட ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். ஸ்கோப் பூட்டும் தவாளிப்பில் எண்ணெய் இருந்தால் அடிப்பிடிப்பு மெல்ல மெல்லப் பின்னுக்கு நகரும். துடைத்துக் காயவிட்டுப் பூட்டி, பிடிப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் நகர்கிறது. கடதாசியில் வெடிகள் இரண்டு தனிக் குவியலாக, நடுவில் வெறுமையாக விழுந்தால் அது பெரும்பாலும் தளர்ந்த ஆணி, அல்லது மரத்தில் இரும்பு இரண்டு விதமாக அமர்வது. வேறு யாரையும் குற்றம் சொல்லுமுன் அதைப் பாருங்கள்.

அடுத்தது தோட்டா. காசைப் போட வேண்டிய இடம் இதுதான், இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். .22 லோங் ரைபிள் 1887இல் வந்த தோட்டா. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை தோட்டாவின் நடுவில் ஒரு மூடியில் இருப்பதில்லை. அடி விளிம்பின் மடிப்புக்குள் சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். துவக்கின் ஊசி விளிம்பில் எந்த இடத்தில் அடித்தாலும் பற்ற வேண்டும். அந்த மடிப்புக்குள் கலவை எல்லா இடமும் ஒரே அளவாகப் பரவியிருக்காது, மலிவான தோட்டாவில் இன்னும் மோசம். விளைவு வேகத்தில் தெரியும். 50 மீற்றர் போவதற்குள் சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் ஈயம், குழலின் நேர்கோட்டிலிருந்து 12 சென்ரிமீற்றர் வரை கீழே விழுகிறது. இரண்டு தோட்டாவுக்கிடையில் செக்கனுக்கு 20 மீற்றர் வேக வித்தியாசம் இருந்தால், அந்த விழுகையில் மட்டும் ஒன்றரை சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். நீங்கள் மூச்சே விடாமல் கல்லாகக் கிடந்தாலும் அது மாறாது. ஆகவே குறூப், அதாவது கடதாசியில் வெடிகள் விழுந்த குவியல், மேல் கீழாக நீண்டிருந்தால் தோட்டாவைச் சந்தேகியுங்கள்.

என்ன வாங்குவது? வேகமான தோட்டா நேராகப் போகும் என்று நினைத்து அதிவேகத் தோட்டாவைத் தேடுபவர்கள் உண்டு. .22இல் அது பெரும்பாலும் தலைகீழ். சாதாரண வேகத் தோட்டா செக்கனுக்கு ஏறக்குறைய 325 மீற்றரில் கிளம்பும், அதிவேகத் தோட்டா 370, 380இல். நம் 30 பாகை வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர். சாதாரணத் தோட்டா முழுத் தூரமும் ஒலிக்குக் கீழேயே போகும். அதிவேகத் தோட்டா ஒலிக்கு மேலே கிளம்பி 50 மீற்றருக்குள்ளேயே ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்கும். அந்த இடத்தில் சன்னம் குலுங்கும். காற்றும் அதிவேகத் தோட்டாவையே கூடத் தள்ளும், கேட்க விசித்திரமாக இருந்தாலும் அளந்து பார்த்த உண்மை. காரணம், காற்றுத் தள்ளும் அளவு பறக்கும் நேரத்தைப் பொறுத்ததல்ல, வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தை ஒட்டித்தான் இழப்பு மிகவும் கூட. எனவே 40 கிரெய்ன் எடையுள்ள ஈயச் சன்னம், சாதாரண வேகம். ஈலி, எஸ்கே, சிசிஐ என்று கழகத்தின் வழியாக முறைப்படி எது கிடைக்கிறதோ அதில் மூன்று நான்கு வகையை ஒவ்வொரு பெட்டி எடுத்துப் பாருங்கள். எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்பதை விலையைப் பார்த்தோ, பக்கத்தில் சுடுபவரைக் கேட்டோ சொல்ல முடியாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே கிழமை செய்த இரண்டு ரைபிள்கள் வேறு வேறு தோட்டாவை விரும்பும்.

இந்தச் சோதனையில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. .22 சன்னத்தின் வெளியில் மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு இருக்கும். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு பூச்சு. வகையை மாற்றினால் பழைய பூச்சு போய்ப் புதியது குழலில் படிய பத்து, இருபது வெடியாவது போக வேண்டும். அவற்றை அளவில் சேர்க்காதீர்கள். பிடித்த தோட்டா கிடைத்ததும் பெட்டியில் அடித்திருக்கும் தொகுதி இலக்கத்தைப் பாருங்கள். அதே தொகுதியில் முடிந்தளவு வாங்கி வையுங்கள், உங்கள் அனுமதியில் எத்தனை வைத்திருக்கலாம் என்று இருக்கிறதோ அதற்குள். அடுத்த தொகுதி வேறு மாதிரி நடக்கலாம்.

இப்போது காற்று. உங்கள் 60 மில்லிமீற்றரில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம், நீங்கள் எழுதியிருப்பது நிலப்பக்கத்திலிருந்து கச்சான் காற்று வீசும் காலம் என்பதால். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டாக வீசும் காற்று 50 மீற்றரில் .22 சன்னத்தை ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் தள்ளும். சர்வதேச 50 மீற்றர் இலக்கில் 10ஆம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான். நடுவில் போக வேண்டிய வெடி 7இல் விழும். 16 கிலோமீற்றர் என்பது புயலல்ல, தென்னோலை அசைந்துகொண்டிருக்கும் சாதாரணக் காற்று. நம் கரையோரம் வடக்குத் தெற்காக நீள்வதால் கரையை ஒட்டிப் போட்ட ரேஞ்சில் கச்சான் அப்படியே விலாவில் அடிக்கும். பின்னேரம் கடற்காற்று வந்தால் மறுபக்கத்திலிருந்து. படுவான்கரைப் பக்கம் வெட்டை வயலில் சுடுபவருக்கு மறைப்பே கிடையாது. அதனால் துவக்கைச் சோதிக்கும் நாளில் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு சுட்ட கடதாசியை வைத்துத் துவக்குக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

காற்றுக்கு ஒரு அடையாளம் உண்டு. வலப்பக்கமாகச் சுழலும் குழலில், பெரும்பாலான .22 குழல்கள் அப்படித்தான், வலமிருந்து வரும் காற்று வெடியை இடமாகவும் சற்று மேலாகவும் போடும். இடமிருந்து வந்தால் வலமாகவும் சற்றுக் கீழாகவும். ஆகவே இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சரிந்து நீண்ட குறூப் கண்டால் ரைபிளை விட்டுவிட்டுக் காற்றைப் பாருங்கள். பழைய கசெற் நாடாவை ஒரு முழம் வெட்டி, ஈர்க்கு நுனியில் கட்டி, உங்களுக்கும் இலக்குக்கும் இடையில் இரண்டு மூன்று இடத்தில் நட்டுவிட்டால் பெரிய காசு கொடுத்து வாங்கும் காற்றுக் கொடி செய்யும் வேலையை அது செய்யும். துவக்குக்குக் கிட்ட வீசும் காற்று இலக்குக்குக் கிட்ட வீசுவதைவிடக் கூடக் கெடுக்கும். கிட்ட நிற்கும் நாடாவை அதிகம் பாருங்கள். நாடா ஒரே மாதிரி நிற்கும்போது மட்டும் விசையை அமுக்குவது என்ற ஒரு பழக்கத்தால் புள்ளி கூடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோங்கைப் பற்றி. மலிவான ரைபிளின் மரம் வெளியில் பளபளக்கும், உள்ளே குடைந்த பகுதியில் வார்னிஷ் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் அந்த வெறும் மரம் ஈரத்தைக் குடித்துப் பெருக்கும். சில இடத்தில் குழலைத் தொடும். வெயில் காலத்தில் பூச்சியம் வைத்த, அதாவது குறியும் வெடியும் ஒரே இடத்தில் விழச் சரிசெய்த, ரைபிள் மாரியில் வேறு இடத்தில் அடிப்பதற்கு நம் பக்கத்தில் இதுதான் முதல் காரணம். ஒரு கடதாசித் துண்டை இரண்டாக மடித்துக் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் செருகி, முன்னிலிருந்து சேம்பர் (தோட்டா அமரும் இடம்) பக்கம் வரை இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டினால் அந்த இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். ஆனால் கவனியுங்கள். சில துவக்குகளில் குழலுக்கு அடியில் வேண்டுமென்றே ஒரு தாங்கும் இடம் வைத்திருப்பார்கள், சிலவற்றில் குழலைப் பிடிக்கும் ஆணியே இருக்கும். அதைத் தேய்த்து எடுத்தால் நல்லதாவதும் உண்டு, மோசமாவதும் உண்டு. மெல்லிய குழல் என்றால் முன்கூட்டிச் சொல்வது கடினம். தேய்த்த மரத்தை ஒட்ட முடியாது என்பதால், முதலில் சேம்பர் பக்கத்து ஆணிக்கு அருகில் ஒரு மெல்லிய அட்டையை வைத்துக் குழலைச் சற்று உயர்த்திச் சுட்டுப் பாருங்கள். பரவல் குறைந்தால் மட்டும் உப்புத்தாளை எடுங்கள். முடிந்ததும் உள்மரம் முழுக்க, சோங்கின் பின்தட்டுக்கு அடியிலும்கூட, இரண்டு தடவை மெல்லிய வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். எபொக்சி ஊற்றி இரும்புக்கு அச்சுப் படுக்கை செய்வது நல்ல முறைதான். ஆனால் பழக்கமில்லாத கை செய்தால் ரைபிளும் மரமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அதைச் செய்து கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள்.

குழலைத் துப்புரவாக்கும் விசயத்தில் நம் ஆட்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள். .22 ஈயச் சன்னம் மெதுவானது, குழலைத் தின்னாது. ஒவ்வொரு முறையும் பித்தளைத் தூரிகை போட்டு உரசத் தேவையில்லை. மெழுகும் கரியும் சேர்ந்து சேம்பர் வாயில் ஒரு வளையம் கட்டும். தோட்டா போகச் சற்றுப் பிடிக்கத் தொடங்கினால் அதுதான், அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். கம்பியைப் பின்பக்கத்திலிருந்தே விடுங்கள், வாய்ப் பக்கத்திலிருந்து விடாதீர்கள். சன்னம் கடைசியாகத் தொடும் இடம் குழல் வாய். அங்கே விளிம்பில் ஒரு சிறு வடு இருந்தாலும் வாயு ஒரு பக்கமாக முந்தி வெளியேறி சன்னத்தைத் தட்டிவிடும். பழைய கை மாறிய ரைபிள் என்பதால் இதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். தோட்டா இல்லை என்று இரண்டு தரம் உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வாயைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரு பஞ்சுத் துணுக்கை விளிம்பில் சுற்றி இழுத்தால் வடு உள்ள இடத்தில் நார் மாட்டும். மாட்டினால் வாயை மறுபடி வெட்ட வேண்டும். அது கடைசல் வேலை, அனுமதி உள்ள திருத்துநர் செய்வது, பெரிய செலவும் இல்லை.

எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத் துரு பெரிய தொல்லை. வெளியிரும்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். துவக்கு எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெசின் எண்ணெய் பரவாயில்லை. சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாட்பட்டால் பிசினாகி ஊசியை மந்தமாக்கும். மந்தமான ஊசி விளிம்பில் அரைகுறையாக அடித்தால் மேலே சொன்ன வேக வித்தியாசம் இன்னும் கூடும். துணி உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சுடப் போகுமுன் குழலுக்குள் உலர்ந்த துணி ஒன்றை இழுத்துவிடுங்கள், எண்ணெய்க் குழலின் முதல் வெடிகள் வேறெங்கோ போகும். தோட்டா இல்லாமல் விசையை அமுக்கிப் பழகும் ஆசை இருந்தால் போலித் தோட்டா போட்டு அமுக்குங்கள். சில .22களில் வெறுமனே அடிக்கும் ஊசி சேம்பர் விளிம்பையே நசுக்கிவிடும்.

விசை. மலிவான ரைபிளில் இரண்டரை, மூன்று கிலோ இழுப்பு இருப்பது சாதாரணம். ஒன்று, ஒன்றரை கிலோ என்றால் சுட இலகு. இலகுவாக்க வேண்டும் என்று விசைக் கொக்கியை அரத்தால் தேய்ப்பதற்கு வீடியோக்கள் நிறைய உண்டு. செய்யாதீர்கள். அந்தப் பிடிமுகங்களின் மேலோட்டைக் கடினப்படுத்தியிருப்பார்கள், ஆழமும் சில தசம மில்லிமீற்றர்தான். தேய்த்த அன்று இனிக்கும், பிறகு ஒருநாள் போல்ட்டை அடித்து மூடும்போதே வெடிக்கும். நீங்கள் செய்யக்கூடியது, விசைத் தொகுதியைக் கழற்றாமல் பழைய பிசினைக் கரைப்பானால் கழுவி, காயவிட்டு, ஒரு துளி மெல்லிய எண்ணெய். கரகரப்புப் பாதியாவது குறையும். அதன் பிறகும் பாரம் என்றால் திருத்துநர். அவரிடமிருந்து வந்ததும் தோட்டா இல்லாமல் விசையேற்றி, பாதுகாப்புப் பூட்டை விட்டு, சோங்கின் அடியை றப்பர் சுத்தியலால் பல தடவை தட்டிப் பாருங்கள். ஒரு தடவையாவது விசை தானாக விழுந்தால் அதே நாள் திருப்பிக் கொடுங்கள்.

கையாளும் சுகத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்று முறைப்பாட்டில் கன்னம் படாததுதான் குறூப்பை நேரடியாகக் கெடுப்பது. இந்தச் சோங்கு திறந்த குறிக்கு வெட்டியது. ஸ்கோப் உயரத்துக்குத் தலையைத் தூக்கினால் கன்னம் அந்தரத்தில் நிற்கும், கண் ஒவ்வொரு வெடிக்கும் வேறு இடத்தில் இருக்கும். .22க்கென்று செய்யாத ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 மீற்றரை ஒட்டிய தூரத்துக்கு ஒழுங்கு செய்யப்பட்டவை. 50 மீற்றரில் கண் சற்று விலகினால் குறிக்கம்பி இலக்கின் மேல் நகரும். தலையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். விலை கூடிய ஸ்கோப் வாங்குமுன் பழைய றப்பர் செருப்பின் அடியை அளவாகச் சீவி, சோங்கின் மேல் வைத்து, சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி இறுகச் சுற்றிவிடுங்கள். கண்ணை மூடிக் கன்னத்தை வைத்து, திறக்கும்போது வட்டம் முழுதாகத் தெரிந்தால் உயரம் சரி. சோங்கின் நீளத்துக்கும் இதே மாதிரி. முழங்கை மடிப்பில் பின்தட்டை வைத்தால் விரலின் முதல் மடிப்பு விசையில் படும் அளவு பெரும்பாலானவருக்குப் பொருந்தும், குறைந்தால் பின்தட்டுக்கு அடியில் பலகைத் துண்டு. முன்பாரம் இழுப்பதற்குச் சோங்கின் பின்பக்கம் குடைவுக்குள் சிறிது ஈயம் வைத்தால் சமன் வரும். ஆனால் படுத்துச் சுடப் போவதென்றால் அந்த முன்பாரம் உங்களுக்கு நண்பன். அதற்குத் தோல் வாரே மருந்து. வாரை மேற்கையில் மாட்டி இறுக்கினால் பாரத்தை எலும்பு தாங்கும், தசை தாங்காது. வியர்க்கும் கைக்கு அதே சைக்கிள் டியூப் பிடியிலும் உதவும்.

வெடி கிளம்பிய பிறகும் கண்ணை எடுக்காமல் குறியைப் பார்த்துக்கொண்டே இருப்பதை நான் ரைபிள் திருத்தத்திலேயே சேர்ப்பேன். .22 மெதுவான சன்னம், பெரிய ரைபிளைவிடக் கூடுதல் நேரம் குழலுக்குள் இருக்கிறது. வெடித்ததும் தலையைத் தூக்கி எங்கே விழுந்தது என்று பார்ப்பவரின் குழல் சன்னம் போகுமுன்பே அசையத் தொடங்கிவிடும்.

கேள்விப்படும் வேறு சில வித்தைகளும் உண்டு. தோட்டாவின் விளிம்புத் தடிப்பை அளந்து பிரிப்பது, நிறுத்துப் பிரிப்பது: மலிவான தோட்டாவில் சிலர் பலன் கண்டதாகச் சொல்கிறார்கள், சிலருடைய அளவுகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த நேரத்தில் நல்ல தோட்டா ஒரு பெட்டி சுடுவது மேல் என்பது என் எண்ணம். குழல் வாயில் மாட்டும் அதிர்வுச் சீர் வளையம் உயர் போட்டியாளர்களிடம் உண்டு. 25 மில்லிமீற்றரை 20 ஆக்கும் ஆட்களின் விளையாட்டு அது, 60ஐ 25 ஆக்குவதற்கு உதவாது. குழலைக் குளிரூட்டிப் பதப்படுத்துவது என்று ஒன்றை விற்கிறார்கள். .22இல் அதற்குக் காசு கொடுக்க நான் எந்தக் காரணமும் காணவில்லை.

பன்றிக்கு இது வேண்டாம். .22 பன்றியை விழுத்தாது, காயப்படுத்தும். காயப்பட்ட மிருகம் பற்றைக்குள் கிடந்து வேதனைப்படும், தேடிப் போகும் ஆளையும் கிழிக்கும். அம்பாறையில் வயல் என்றால் அடுத்து யானைப் பேச்சு வரும், அதையும் சேர்த்துச் சொல்கிறேன்: யானையைக் கலைக்கக்கூட இதை நீட்டாதீர்கள். 1937இலிருந்தே வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. சன்னம் பட்ட யானை அடுத்த ஊருக்குத்தான் அந்தக் கோபத்தைக் கொண்டுபோகும். சன்னம் சின்னது என்று நினைத்து வெட்டையில் சுடவும் கூடாது. ஒரு கிலோமீற்றரைத் தாண்டிப் போகும், பின்னால் உயரமான மண் அணை வேண்டும். வாவிப் பக்கமாக ஒருபோதும் வேண்டாம். ஈயச் சன்னம் தண்ணீரில் பட்டு எகிறி அக்கரைக்குப் போகும்.

இனி உங்கள் மூன்று கேள்விக்கும் நேரடியாக. சோங்கை மாற்ற வேண்டாம், செருப்பு றப்பரும் வார்னிஷும் போதும். ஸ்கோப்பைக் கன்ன உயரம் சரிசெய்து சுட்ட பிறகு யோசிக்கலாம். அப்போதும் வாங்குவதென்றால் 50 மீற்றருக்கு ஒழுங்கு செய்த, உருப்பெருக்கம் அளவான ஒன்று. குழல் மாற்றுவதற்கு ஆகும் செலவு ரைபிளின் விலையைத் தாண்டிவிடும், அனுமதிப்பத்திர வேலை வேறு. வாயில் வடுவோ உள்ளே துருக்குழியோ இருப்பதைக் கண்ணால் கண்டால் தவிர அந்தப் பேச்சே வேண்டாம். ரைபிளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல எனக்கு வழியில்லை. ஆணிகளை இறுக்கி, காலையில் காற்றில்லாத நேரம் ஐந்து கடதாசி சுட்டு, தோட்டாவின் பெயரோடு படத்தை இங்கே போடுங்கள் தம்பி. குழல் வாயின் படமும் ஒன்று, நல்ல வெளிச்சத்தில் எடுத்தது.